மாமா கையில் கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள்

1

இந்தக் கதையை எதற்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்து, இதற்குத்தானா இவ்வளவு என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறேன். கலை, வாழ்க்கைத் தரிசனம், மானுடம் இதெல்லாம் நடுவில் எங்காவது தட்டுப்பட்டால் அது தற்செயல். என் தங்கை மக்பால் என்மேல் ஒரு பழி போட்டிருக்கிறாள். அதைப் பல வருடங்களாக எங்கள் ஊரான அல்மாட்டியிலும் அதற்கு வெளியிலும் உள்ள எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பரப்பி வருகிறாள். அவள் பேசுகிற வேகத்துக்கு நடுவே என்னால் ஒரு வார்த்தையை நுழைக்க முடிந்ததில்லை. எழுத்து என்றால் அவள் குறுக்கே பேச முடியாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

[மக்பால்: யார் சொன்னது?]

(பிழை திருத்தித் தரச் சொல்லி அவளுக்கே பிரதியை அனுப்பி வைத்தது என் புத்தி. ஓரமெல்லாம் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவள் எழுதியதை எடுத்தால் அடுத்த பெருநாள் விருந்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாளாம். ஆகவே இருக்கட்டும். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள், இந்த மாதிரி வளைந்த அடைப்புக்குள் வருவது நான்.)

பழி இதுதான்: அவளுடைய மகள் இஞ்சு எங்கே கிளம்பினாலும் போய்ச் சேருவதில்லை. அதற்குக் காரணம் நான்.

2

தொடக்கம் ஒன்று: "ஜூலை மாதத்து அல்மாட்டியில், தெருவின் முடிவில் பனி மூடிய மலைகள் வெயிலில்..."

அடித்துவிட்டேன். இந்த ஊர்க்காரன் எவனும் காலையில் ஜன்னலைத் திறந்து மலையை வர்ணிப்பதில்லை. தன் காருக்குக் குறுக்கே எவன் காரை நிறுத்தியிருக்கிறான் என்றுதான் பார்ப்பான்.

தொடக்கம் இரண்டு: "ஒரு பெரிய நகரத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு நிற்கத் தெரியாது."

[மக்பால்: ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நின்னா, சோறு நடந்து வருமா?]

எனக்குப் பிடித்திருந்த தொடக்கம் அது. ஆனால் அப்படித் தொடங்கினால் கதை மக்பாலைப் பற்றியதாகிவிடும். நான் எழுத வந்தது இஞ்சுவைப் பற்றி. இஞ்சுவுக்கு ஆறு வயது. செப்டம்பரில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். மெலிந்த கழுத்து, முன்பல் இல்லை, எதைப் பார்த்தாலும் குனிந்து பார்ப்பாள். தம்பி மன்சூருக்கு ஒரு வயது முடிந்து இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். இவர்கள் இருவர், மக்பால், அவள் கணவன் ஒராஸ், நான். இவ்வளவு பேர் போதும் கதைக்கு. இன்னும் ஒரே ஒருவர் வருவார், அவரும் ஓடிக்கொண்டேதான் வருவார்.

3

குழந்தை தத்தி நடக்கத் தொடங்கியதும் அதன் இரண்டு கணுக்காலையும் சேர்த்து, கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டுவோம். சுற்றமும் அக்கம்பக்கமும் கூடி நிற்க, ஒருவர் அதை வெட்டிவிடுவார். உடனே குழந்தையை இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, விரித்து வைத்த வெள்ளைத் துணியின்மேல் ஓட்டுவோம். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் வெட்டுகிறவர் யாரோ அவருடைய நடைதான் குழந்தைக்கு வரும். ஆகவே மாப்பிள்ளை பார்ப்பதைவிட அதிக அலசல் இதற்கு நடக்கும். கெட்டிக்காரரா, சுறுசுறுப்பா, எடுத்த காரியத்தை முடிக்கிறவரா என்று சலித்துச் சலித்து ஒருவரைப் பிடிப்பார்கள்.

இஞ்சுவுக்காக மக்பால் பிடித்த ஆள் ரௌஷான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மற்றவர்கள் தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்குள், மலையடிவாரத்துப் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கி வந்துவிடுகிறவர். அன்று அவர்தான் முதலில் வந்தார். வந்து பார்த்தால் முற்றத்தில் நாற்காலிகூடப் போடவில்லை. சும்மா உட்கார அவரால் முடியாது. ஒரு சுற்று ஓடிவிட்டு வருகிறேன் என்று போனார். விருந்தாளிகள் வந்தார்கள், குழந்தையின் காலைக் கட்டினார்கள், குழந்தை வீரிட்டது, உள்ளே தாம்பாளத்தில் குதிரை இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. ரௌஷான் டீச்சரைக் காணோம். மக்பாலுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த முதல் கையில் கத்தரிக்கோலைத் திணித்தாள். அந்தக் கை என்னுடையது.

இதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நான் கேட்கவில்லை. திணித்தது அவள்.

நான் கொஞ்சம் மெதுவாக வெட்டியது உண்மை. குனிந்தபோது கயிறு அழகாக இருந்தது. யார் முறுக்கியது என்று கேட்டேன். என் சித்தி தான்தான் என்றார், இன்னொரு சித்தி இல்லையே என்றார், பேச்சு வளர்ந்துவிட்டது. அதற்குள் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, குனிந்து, தானும் கயிற்றைப் பார்க்க ஆரம்பித்தது.

[மக்பால்: அங்கதான் ஆரம்பிச்சுது. நான் என் கண்ணால பாத்தேன்.]

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் பிழைப்புக்கு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை மொழிபெயர்க்கிறேன். எத்தனை வேளை, என்ன பக்கவிளைவு என்பதில் அவசரப்பட்டால் ஆள் காலி. மெதுவாக இருப்பது எங்கள் தொழிலில் சம்பளம் கொடுத்துக் கேட்கிற குணம். இதை எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

4

இந்தக் கோடையில் மக்பால் ஒரு முடிவெடுத்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இஞ்சுவுக்கு ஊரில் உள்ள எல்லா நல்ல இடங்களையும் காட்டிவிட வேண்டும். சனிக்கிழமைதோறும் குடும்பமே கிளம்ப வேண்டும். என்னையும் கூட்டிக்கொள்வாள். துணைக்கு என்று நினைக்காதீர்கள். தாமதமானால் திட்டுவதற்கு ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் வழி சொல்வது சுலபம். மலைப்பக்கம் என்றால் மேலே, எதிர்ப்பக்கம் என்றால் கீழே. பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்குமேல் மேலேதான் இருக்கின்றன. தெருவோர வாய்க்காலில் மலைத்தண்ணீர் கீழே ஓடுகிறது. இஞ்சு தண்ணீரோடு போகிற கட்சி.

முதல் வாரம் மிருகக்காட்சிச் சாலை. போனோம், வாசலைத் தொட்டோம். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலின் விளிம்பில் ஒரு சாம்பல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அது எப்போது எழும், எழுந்ததும் முதலில் என்ன செய்யும் என்று இஞ்சுவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பூனை சாவகாசமான பூனை. அது எழுந்து, கொட்டாவி விட்டு, திரும்பிப் படுத்தபோது டிக்கெட் ஜன்னலை மூடினார்கள். சிங்கம் பார்க்கப் போய்ப் பூனை பார்த்துவிட்டு வந்த குடும்பம் அல்மாட்டியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு வாரம் பெரிய பூங்காவில் படகு. படகுத்துறைக்குப் போகிற வழியில் குவாஸ் விற்கிற மஞ்சள் பீப்பாய் வண்டி. கறுப்பு ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கச் செய்த பானம் அது, கோடைக்கு நல்லது. ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். பீப்பாய்க்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இஞ்சு கேட்டாள். விற்கிற ஆளுக்கும் வியாபாரம் இல்லாத நேரம். தட்டிப் பார்த்துக் கண்டுபிடி என்றான். மேலிருந்து கீழே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறுகிற இடத்தில் காதை வைத்து, இந்தா இங்கே என்று காட்டினாள். அதோடு விட்டாளா என்றால், யாராவது ஒரு கோப்பை வாங்கினால் அந்தக் கோடு எவ்வளவு இறங்கும் என்று பார்க்க நின்றாள். படகுகளைக் கட்டிப் பூட்டிவிட்டார்கள்.

மன்சூர் இந்தச் சமயங்களில் எல்லாம் தள்ளுவண்டியில் இருந்தான்.

மக்பால் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் முறைப்பாள். கத்தரிக்கோல் பிடித்த கை என்று என் வலது கையைச் சுட்டிக்காட்டி வழிப்போக்கர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் சிரிப்புத்தான் வரும். இஞ்சுவும் சிரிப்பாள். அது வீட்டுக்குள் புழங்குகிற வேடிக்கை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

5

ஒரு சந்தேகம். ஒராஸ் இந்தக் கதைக்கு எதற்கு?

மேலே படித்துப் பாருங்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நிஜத்திலும் அப்படித்தான். மக்பால் பேசும்போது அவன் இடம் விடுவான், அவள் மூச்சு வாங்கும்போது அவனும் மூச்சு வாங்குவான். கதைக்கு ஆகாத பாத்திரங்களை எடுத்துவிட வேண்டும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். அவனை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். நியாயமாக இருக்கட்டும் என்று அவனிடமே கேட்டேன்.

"கதையில நான் என்ன பண்றேன் மச்சான்?" என்றான்.

தள்ளுவண்டி தள்ளுகிறாய் என்றேன். யோசித்துவிட்டு, அது போதும், விட்டுவிடு என்றான். விட்டுவிட்டேன்.

6

மன்சூரின் கயிறு வெட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. என்ன ஆனாலும் இன்று கோக்-தோபே மலைக்கு ரோப் காரில் ஏறியே தீருவது என்று மக்பால் சூளுரைத்திருந்தாள். வேகவைத்த மக்காச்சோளம், வெள்ளரிக்காய், சம்சா, மாற்றுத்துணி எல்லாம் மூட்டை கட்டி, காலை வெயில் ஏறுமுன் எங்களைத் தெருவில் இறக்கிவிட்டாள். முன்னால் அவள், நடுவில் வண்டியோடு ஒராஸ், கடைசியில் நானும் இஞ்சுவும்.

வாய்க்காலில் ஒரு குழந்தையின் இளஞ்சிவப்புச் செருப்பு மிதந்து வந்தது.

ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நேரே வாய்க்காலின்மேல் ஒரு கல்பாலம் இருக்கும். செருப்பு பாலத்துக்குள் போகும், இஞ்சு மறுபக்கம் ஓடிப்போய்க் காத்திருப்பாள், அது வெளியே வரும், அடுத்த பாலத்துக்கு ஓடுவாள். நாங்கள் போக வேண்டியது மேலே, செருப்பு போவது கீழே. ஒரு பாலத்தில் உள்ளே போன செருப்பு வரவில்லை. இஞ்சு குப்புறப் படுத்துப் பார்த்தாள். நானும் பார்க்க வேண்டியதாயிற்று.

(ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் அது எங்கே போயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது.)

மக்பால் திரும்பி வந்து எங்கள் இருவரையும் காலைப் பிடித்து இழுக்காத குறை. அங்கிருந்து ஏறக்குறைய ஓடினோம். ரோப் கார் நிலையத்து வரிசையில் நின்று, எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம் இருக்கும்போது, மலைக்குப் பின்னாலிருந்து இடி உருண்டு வந்தது. மழைக்காற்றில் கூண்டுகளை விடமாட்டார்கள். எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஐஸ்கிரீம் கடையின் கூரைக்குக் கீழே நாங்கள் ஒதுங்கி நின்றபோது மழை கொட்டியது. மக்காச்சோளத்தை யாரும் பிரிக்கவில்லை. மக்பால் ஒராஸிடம்தான் பேசினாள், ஆனால் அடுத்த கடை வரைக்கும் கேட்டது.

"நாளைக்கு மட்டும் அண்ணன் கையில கத்தரிக்கோல் போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். ஒண்ணு கெட்டுப்போனது போதும். இவனாவது ஒழுங்கா நடக்கட்டும்."

[மக்பால்: நான் இப்படியா சொன்னேன்?]

[மக்பால்: சொன்னேன். எடுக்காத, இருக்கட்டும்.]

இஞ்சு அப்போது காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தவில்லை. திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்து, மழை கோடு கோடாக இறங்குவதை ஒவ்வொன்றாகப் பின்தொடர்வாள். அன்று முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் நிறுத்தம் நெருங்கும்போது கேட்டாள்.

"மாமா, என் கால திரும்பக் கட்டி, ரௌஷான் டீச்சர வெட்டச் சொன்னா நான் சரியாயிடுவேனா?"

7

என் பெயரைக் காப்பாற்றுவது இங்கே நின்றுபோயிற்று. இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்குமா என்றுதான் இதற்குமேல் எழுதுகிறேன்.

எழுதிப் பார்த்த பதில்கள்:

"நீ ஒண்ணும் கெட்டுப்போகல, நீ ஒரு..."

(ஒரு என்ன? தெரியாமல் ஆரம்பித்த வாக்கியம்.)

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு நடை இருக்கும்மா..."

(பாடப்புத்தகத்தில் வருகிற மாமா பேசுகிறார். அடித்துவிட்டேன்.)

"கயிறு வெட்டுறதெல்லாம் சும்மா ஒரு..."

(சும்மா என்றால் நாளைக்குத் தம்பிக்கு எதற்கு இவ்வளவு ஆட்டுக்குட்டியும் ஆர்ப்பாட்டமும் என்று கேட்பாள். அவள் கேட்பது நியாயமாகவும் இருக்கும்.)

"உங்கம்மா கோபத்துல சொன்னா..."

(கோபத்தில் சொன்னால் பொய் என்று ஆகுமா? ஆறு வயதில் எனக்கு ஆகவில்லை.)

உண்மையில் பேருந்தில் நான் சொன்னது ஒன்றுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். எங்கள் குடும்பத்தில் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிற ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் அன்றிரவு முழுக்க அந்தப் பதில்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை அடுக்ககத்து முற்றத்தில் வெள்ளைத் துணியை விரித்தார்கள். ரௌஷான் டீச்சர் வழக்கம்போல முதலில் வந்தார். இந்த முறை மக்பால் அவர் கையைப் பிடித்தவள் கடைசி வரை விடவில்லை. என்னைத் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கைக்கும் ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த மாவுருண்டைகளைக் கொடுத்துவிட்டாள். கத்தரிக்கோல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாங்க எனக்குக் கை காலியில்லை.

மன்சூரின் காலை ஒராஸ் கட்டினான். ரௌஷான் டீச்சர் குனிந்ததும் தெரியவில்லை, வெட்டியதும் தெரியவில்லை, கயிறு கீழே கிடந்தது. கூட்டம் வாழ்த்திக்கொண்டு இனிப்புகளை வாரி இறைத்தது. ஒரு கையை ரௌஷான் டீச்சரும் இன்னொரு கையை மக்பாலும் பிடித்துக்கொண்டு பையனைத் துணியின்மேல் ஓட்டினார்கள். அவன் இரண்டு காலையும் மடக்கித் தூக்கிக்கொண்டான். தொங்கிக்கொண்டே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். கீழே விட்டதும் உட்கார்ந்து, ஊரைக் கூட்டினான். எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் யாரோ பின்னால் பார்க்கச் சொன்னார்கள். துணியின் இந்தக் கோடியில் இஞ்சு உட்கார்ந்திருந்தாள். காலை நேராக நீட்டியிருந்தாள். இரண்டு கணுக்காலையும் மிச்சமிருந்த கறுப்பு வெள்ளைக் கம்பளியால் சேர்த்துக் கட்டியிருந்தாள். கட்டியது அவளே.

"அடுத்தது எனக்கு வெட்டுங்க டீச்சர்," என்றாள். "மாமா வெட்டினது சரியில்லையாம்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மக்பால் சிரிக்கவே இல்லை. அவள் முகத்தை எழுத நான் பலமுறை முயன்று, இந்த இடத்தை வெறுமையாக விடுவதே மரியாதை என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு திருத்தம். நான்காம் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். மன்சூர் தள்ளுவண்டியில் இருந்தான் என்று எழுதியிருக்கிறேன். தப்பு. வண்டி வந்தது, ஒராஸ் தள்ளினான், வண்டியில் சம்சாவும் மாற்றுத்துணியும் இருந்தன. பையன் அதில் இல்லை. பூனை எழும்வரை ஜன்னலுக்குக் கீழே இஞ்சுவின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பீப்பாயைச் சுற்றி அதே விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான், அவள் தட்டிய இடத்தில் தானும் தட்டினான். வாய்க்காலோரம் பாலத்துக்குப் பாலம் அவள் ஓடினாள் என்று எழுதியிருக்கிறேனே, அதுவும் தப்பு. ஓடியிருந்தால் செருப்பு வெளியே வந்து போகுமுன் போய்ச் சேர்ந்திருப்பாள். பையனை நடத்திக்கொண்டு போனாள். எங்கள் யாருக்கும் அவன் நடைக்கு நடக்கப் பொறுமை இல்லை. கோடை முழுக்க அவனுக்கு நடை பழக்கியது யார் என்று நாங்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் நாங்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்துத் தாளில் ஒரு வேளையை விட்டுவிட்டு மொழிபெயர்த்த மாதிரி, நானும் அவனை விட்டுவிட்டுத்தான் இவ்வளவு தூரம் கதை சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கோடியில் மன்சூர் அழுகையை நிறுத்தினான். அக்காவைப் பார்த்துவிட்டான். யாரும் தூக்காமல் எழுந்தான். யாருடைய கையும் இல்லாமல் வெள்ளைத் துணியின்மேல் நடந்து வந்தான். நேராக வரவில்லை. கீழே கிடந்த ஒரு மிட்டாய்க் காகிதத்தின் அருகில் நின்றான். குனிந்து அதைப் பார்த்தான், நிமிர்ந்தான், இன்னொரு முறை குனிந்து பார்த்தான். முற்றத்தில் அத்தனை பேர் நின்றிருந்தோம், ஒருவர்கூடச் சீக்கிரம் வா என்று சொல்லவில்லை. ரௌஷான் டீச்சர்கூட ஒரு காலில் நின்று மறுகாலை ஆட்டிக்கொண்டிருந்தாரே தவிர வாய் திறக்கவில்லை.

துணியின் நடுவில் வந்ததும் அவன் பழக்கத்தில் கையைப் பக்கவாட்டில் நீட்டினான். பிடிக்க அங்கே விரல் இல்லை. இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான்.

இஞ்சு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அம்மா, அவுத்து விடும்மா. அவன் விழுந்துடுவான்."

9

கத்தரிக்கோல் அப்போது மக்பால் கையில் இருந்தது. ரௌஷான் டீச்சரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி வைத்திருந்தாள். இரண்டே எட்டில் இஞ்சுவின் முன்னால் வந்து முழங்காலிட்டாள். பையனிடம் போகவில்லை. இதை நான் பார்த்தேன், மாற்றி எழுத மாட்டேன்.

முடிவு ஒன்று: ரௌஷான் டீச்சர் பாய்ந்து வந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி...

(அவர் பாய்வது கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பாயவில்லை.)

முடிவு இரண்டு: நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நேற்றிலிருந்து யோசித்து வைத்திருந்த பதிலை...

[மக்பால்: நீ தட்ட கீழ வைக்கல. ஒரு உருண்டைய வாயில போட்டுக்கிட்டு நின்ன.]

(அழுகையை அடக்க அதைத் தவிர வழி இல்லை.)

முடிவு மூன்று: மக்பால் வெட்டிவிடுகிறாள். ஒரு நொடி வேலை. இஞ்சு எழுந்து ஓடித் தம்பியைப் பிடித்துவிடுகிறாள். ஆனால் வெட்டியது மக்பால். வெட்டியவர் நடைதானே வரும்? நாளை முதல் எங்கள் வீட்டில் இரண்டு மக்பால்கள். பூனையை யார் பார்ப்பது?

முடிவு நான்கு: மக்பால் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு விரலால் அவிழ்க்கிறாள். அவள் அவிழ்ப்பதாக எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஒராஸ் மலையேறுகிறவர்களுக்குக் கூடாரமும் கயிறும் விற்கிறவன். மகளுக்கு அவன் கற்றுக்கொடுத்தது கதை இல்லை, பாட்டு இல்லை, முடிச்சு. (பார்த்தீர்களா, அவனை வெளியூருக்கு அனுப்பியிருந்தால் இங்கே மாட்டிக்கொண்டிருப்பேன்.) இஞ்சு முடிச்சுமேல் முடிச்சாக, கம்பளியை இறுக்கிப் போட்டிருந்தாள். அதை அவிழ்க்க உட்கார்ந்து பொறுமையாகப் பிரிக்க வேண்டும். என் தங்கைக்கு அது வராது. வந்தாலும், அதற்குள் பையன்...

[மக்பால்: அண்ணா, இதோட நிறுத்து. நான் என்ன பண்ணேன்னு எழுதாத. அது எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல நடந்தது. செப்டம்பர்ல அவ எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிடுவா. இத நீ சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது.]

எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக அவள் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள், திணிக்கவில்லை. ஆகவே நிறுத்துகிறேன். பேருந்தில் இஞ்சுவுக்கு நான் தர வேண்டியிருந்த பதில் இன்னும் என்னிடம் இல்லை. அதைத் தருவதற்கு உரிய ஆள் அவள் முன்னால் முழங்காலிட்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

உங்களுக்கு முடிவு வேண்டுமானால் நீங்கள்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும். மக்பால் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள், அவளுக்கு இடம் விட்டுத்தான் பழக்கம் இல்லை, கற்றுக்கொள்ளட்டும். கத்தரிக்கோல் இதோ இருக்கிறது. உங்கள் பத்து விரலும் இருக்கின்றன. நீங்கள் வேகமாக நடக்கிறவரா, வழியில் நிற்கிறவரா என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தபிறகு கத்தரிக்கோலைக் கொடுக்கலாமே என்று சித்திகள் பின்னாலிருந்து சொல்கிறார்கள்.

ஆனால் இஞ்சு அதைக் கேட்கவில்லை. உங்கள் நடை எப்படி என்றோ, தன் நடை எப்படி என்றோ அவள் இப்போது யோசிக்கவில்லை. உங்களைப் பார்க்கக்கூட இல்லை. துணியின் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற தம்பியைப் பார்த்தபடி, கட்டிய காலை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் விழுவதற்குள் அவளுக்குக் கால் வேண்டும்.